வளையத்துக்குள் ஒரு படலம்

அன்புள்ள ஐயா,

நுண்ணுயிரியல் முதுகலை படிக்கிறேன். கேண்டிடா ஈஸ்ட் (ஒரு வகைப் பூஞ்சை) பரப்பிய தட்டில் ஃபுளுகோனசோல் என்ற பூஞ்சை மருந்து ஏற்றிய வட்டு வைத்தேன். 24 மணி நேரத்தில் வட்டைச் சுற்றி ஈஸ்ட் வளராத வளையம் தெளிவாக இருந்தது. 48 மணி நேரத்தில் அதற்குள் மெல்லிய படலம். 'அதைக் கணக்கில் எடுக்காதே' என்கிறார்கள். மூளையில்லாத ஒரு செல் மருந்தைப் புரிந்துகொண்டு எப்படித் தன்னை மாற்றிக்கொள்கிறது? அதற்கான சமிக்ஞைப் பாதையை அடைத்துவிட்டால் மருந்து எதிர்ப்பே வராதுதானே? மாத்திரையைப் பாதியில் நிறுத்துவதுதான் எல்லாவற்றுக்கும் காரணமா?

ஒரு வாசகி

அன்புள்ள மாணவிக்கு,

மாத்திரை விஷயத்தை விடுங்கள், எல்லாவற்றுக்கும் அது காரணமில்லை. படலத்தைக் கணக்கில் எடுக்காதே என்றவர் பேச்சைக் கேட்காதீர்கள். ஆய்வகத்தில் இருந்த நாட்களில் அதே படலத்தை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தவன் நான். உங்கள் கடிதம் வந்தபோதும் அதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் 'புரிந்துகொண்டு மாற்றிக்கொள்கிறது' என்று முதுகலை மாணவி எழுதலாமா? ஈஸ்ட் எதையும் புரிந்துகொள்வதில்லை. மருந்து, பூஞ்சையின் செல் சவ்வுக்கு வேண்டிய எர்காஸ்டெரால் என்ற கொழுப்புப் பொருளின் தயாரிப்பை முடக்குகிறது. சவ்வு சீர்கெடுகிறது. செல்லுக்குள் கால்சியம் ஏறுகிறது. அது கால்மோடுலின் என்ற புரதம் வழியாகக் கால்சினியூரின் என்ற நொதியை முடுக்க, பழுதைச் சமாளிக்கும் ஜீன்கள் இயங்குகின்றன. அவ்வளவுதான். செல் சாகாமல் மெதுவாக வளர்கிறது. தனித்தனிக் காலனிகளாக இல்லாமல் படலமாகத் தெரிந்தால், அது பெரும்பாலும் இந்தத் தாங்குதிறன்தான், எதிர்ப்பு அல்ல.

எதிர்ப்புக்குப் பெரும்பாலும் மரபணு மாற்றம் வேண்டும். மருந்து தாக்கும் நொதி உருமாற வேண்டும், அல்லது மருந்தை வெளியே தள்ளும் பம்புகள் பெருக வேண்டும். சமிக்ஞை அந்த மாற்றத்தை உண்டாக்குவதில்லை, அவகாசம் வாங்கித் தருகிறது. செத்த செல்லுக்குச் சந்ததி ஏது? மாற்றம் வந்த பிறகும் சில வகை ஈஸ்ட் சொந்தக் காலில் நிற்பதில்லை. மற்ற புரதங்களைத் தாங்கிப் பிடிக்கும் ஹெச்எஸ்பி90 புரதத்தை முடக்கினால் அந்த எதிர்ப்பு சரிந்துவிடுகிறது என்று ஆய்வாளர்கள் கோவனும் லிண்ட்குவிஸ்டும் 2005இல் காட்டினார்கள். கால்சினியூரினைத் தாங்கிப் பிடிப்பதும் அதே புரதம்தான். அவகாசம் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வது இதனால்தான்.

சரி, பாதையை அடைப்பது. கால்சினியூரினை முடக்கும் சைக்ளோஸ்போரின் என்ற மருந்தோடு சேர்த்தால், வெறுமனே வளர்ச்சியைத் தடுக்கும் ஃபுளுகோனசோல் கேண்டிடா அல்பிகான்ஸைக் கொல்லவே செய்கிறது, ஆய்வகத்தில். ஆனால் நம் நோயெதிர்ப்புக்கான டி செல்களை இயக்குவதும் கால்சினியூரின்தான். உறுப்பு மாற்று நோயாளிகளின் நோயெதிர்ப்பை அடக்கக் கொடுக்கும் மருந்து சைக்ளோஸ்போரின். கேண்டிடா ரத்தத்தில் பரவுவதோ பெரும்பாலும் ஏற்கெனவே பலவீனப்பட்டவர்களுக்கு. பூஞ்சையின் கால்சினியூரினை மட்டும் பிடிக்கும் மூலக்கூறைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

நீங்கள் அடுத்த முறை இரண்டு தட்டு போடுங்கள், ஒன்றின் ஊடகத்தில் சிறிதளவு சைக்ளோஸ்போரின் கலந்து. 48 மணி நேரம் விடுங்கள். படலம் எதில் இருந்தது, எதில் இல்லை என்று எழுதுங்கள். படம் எடுத்தால் இன்னும் நல்லது.