வேடமும் பொய்யும்

அன்புள்ள அண்ணா,

"வழியும் உண்மையும் வாழ்வும் நானே" என்று இயேசு சொன்னதாகப் படித்தேன். நடந்ததை நடந்தபடி சொல்வதுதானே உண்மை? ஓர் ஆள் எப்படி உண்மையாக இருக்க முடியும்? அப்புறம், நீங்கள் போற்றும் யோசேவாஸ் அடிகளார் பிச்சைக்காரர் வேடத்தில்தானே வந்தார்? அது பொய் இல்லையா? நான் சைவன். தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

க., சுன்னாகம்

அன்புள்ள க.,

அந்த வசனம் தோமாவுக்குச் சொன்ன பதில். இயேசு பிரியப்போகும் இரவு அது. "வழி தெரியாதே" என்று கலங்கிய சீடரிடம் "நானே" என்கிறார். சற்றுப் பிறகு பிலிப்புவிடம், தன்னைக் கண்டவர் தந்தையைக் கண்டவர் என்கிறார். கடவுள் எப்படிப்பட்டவர் என்பதை இந்த மனிதரின் வாழ்விலும் சாவிலும் பார்க்கலாம் என்பதே எங்கள் விசுவாசம்.

அதற்காக, நடந்ததை நடந்தபடி சொல்லும் கடமை எங்களை விட்டுப் போகவில்லை. கிறிஸ்து உயிர்க்கவில்லை என்றால் நாங்கள் பொய்ச்சாட்சிகள் என்று திருத்தூதர் பவுல் கொரிந்து நகரத்துக் கிறிஸ்தவர்களுக்கு எழுதினார். அவ்வளவு கறாராகப் பேசியவர் அவர்.

இரண்டாவது கேள்விதான் கடினம். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் துரத்தினார்கள். குருவுக்கு இடம் கொடுப்பதும் குற்றம். அந்த நிலையில், 1687இல் கோவாவிலிருந்து வந்த கத்தோலிக்கக் குருவான யோசேவாஸ் அடிகளாரை யாழ்ப்பாணத்துச் சில்லாலை ஊர்ச் சனங்கள் ஒளித்து வைத்தார்கள். பூசை இரவில் நடந்தது. பிடிக்க வந்தவர்களுக்குத்தான் அந்த வேடம். பூசைக்கு வந்த சனங்களுக்கு அவர் யாரென்று தெரியும்.

பொய்யை எந்த நிலையிலும் ஏற்காத பழைய திருச்சபை ஆசிரியர் அகுஸ்தீனார்கூட, உண்மையை மறைப்பது வேறு, பொய் சொல்வது வேறு என்றார். இயேசு பிடிபட்ட இரவில் அவருடைய சீடர் பேதுரு "அந்த ஆளை எனக்குத் தெரியாது" என்று மும்முறை மறுதலித்தாரே, அது பொய். அடிகளாரின் கந்தல் உடையை நான் அதோடு சேர்க்கமாட்டேன்.

ஆனால் ஓர் உயிரைக் காக்க வாயால் பொய் சொன்னால்? எபிரேய ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன எகிப்து மன்னன் பார்வோனிடம், அவர்களைக் காப்பாற்றிய மருத்துவிச்சிகள் அப்படித்தான் பேசினார்கள். கடவுள் அந்த மருத்துவிச்சிகளுக்கு நன்மை செய்தார் என்கிறது விவிலியத்தின் விடுதலைப் பயண நூல். அது அவர்களின் இரக்கத்துக்குக் கிடைத்த பலன், பொய்க்கு அல்ல என்று அகுஸ்தீனார் விளக்குகிறார். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. போர்க்காலத்தில், வீட்டுக்குள் ஒரு பிள்ளையை ஒளித்துவிட்டு, வாசலில் நின்று "இங்கே ஒருவரும் இல்லை" என்று சொன்ன தாய் செய்தது பாவம் என்று சொல்ல என்னால் முடியாது.

அன்புடன்,
அண்ணா