1924இல் பிரிட்டனில் சில மாதங்களே அமைச்சராக இருந்த ஜான் வீட்லியின் வீட்டுவசதிச் சட்டம் எப்படிச் சுமார் 5 லட்சம் வீடுகளைக் கட்டியது?

அவர் பிறந்தது அயர்லாந்தில், 1869இல். வளர்ந்தது ஸ்காட்லாந்தின் லனார்க்‌ஷயரில், சுரங்கத் தொழிலாளியின் ஒற்றை அறை வீட்டில். தானும் சுரங்கத்தில் இறங்கியவர். நெரிசல் என்றால் என்ன என்பதை அறிக்கை படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவை அவருக்கு இல்லை.

1913லேயே, கிளாஸ்கோ மாநகராட்சியின் டிராம் லாபத்தைக் கொண்டு, ஆண்டுக்கு 8 பவுண்டு வாடகையில் வீடு கட்டலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். 1922இல் ஷெட்டில்ஸ்டன் தொகுதி எம்.பி. ஆனார். 1924இல் தொழிற்கட்சியின் முதல் அரசில் சுகாதார அமைச்சர். வீட்டுவசதியும் அந்தத் துறையில்தான் இருந்தது.

சட்டத்தின் உயிர்நாடி, வீடு கட்ட அரசு தரும் மானியக் கணக்கு. முந்தைய 1923 சட்டம் ஒரு வீட்டுக்கு ஆண்டுக்கு 6 பவுண்டு வீதம் 20 ஆண்டுகள் தந்தது. வீட்லி அதை 9 பவுண்டு, 40 ஆண்டுகள் என்றாக்கினார். விவசாயப் பகுதிகளில் 12 பவுண்டு 10 ஷில்லிங் (10 ஷில்லிங் என்பது அரை பவுண்டு). உள்ளாட்சி தன் வரியிலிருந்து 4 பவுண்டு 10 ஷில்லிங் வரை சேர்க்க வேண்டும். காலம் இரட்டிப்பானதுதான் பெரிய மாற்றம் என்பேன்: உள்ளாட்சிகளால் நீண்ட காலக் கடனை நம்பி வாங்க முடிந்தது. கொத்தனார் பற்றாக்குறைக்கு, 15 ஆண்டு வேலை உறுதி என்று தொழிற்சங்கங்களிடம் பேசி, தொழில் பழகுநர்களின் எண்ணிக்கையைக் கூட்டினார்.

சறுக்கியது எங்கே? கட்டுமானப் பொருள் விலையைக் கட்டுப்படுத்தும் மசோதா நிறைவேறுவதற்குள் அரசு கவிழ்ந்தது. வாடகையும் பரம ஏழைகளுக்கு எட்டவில்லை. 1927இல் மானியம் குறைக்கப்பட்டது, 1933இல் நின்றது. அதற்குள் சுமார் 5 லட்சம் வீடுகள் எழுந்திருந்தன. வீட்லி 1930லேயே காலமாகிவிட்டார்.