எம்.எல்.ஏ. ஆபீசா, சைனிக் போர்டா? முன்னாள் ராணுவத்தினர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே பல்லவிதான்: "எம்.எல்.ஏ.வைப் பார்த்தேன் சார், ஒன்றும் நடக்கவில்லை." நடக்காததற்குப் பல நேரம் காரணம் எம்.எல்.ஏ. இல்லை. ஃபைல் இருக்கும் இடம் ஒன்று, நாம் போய் நிற்கும் வாசல் இன்னொன்று. பெயர், ஊரை எடுத்துவிட்டுச் சில கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

நவம்பரில் வாழ்நாள் சான்று கொடுத்தேன். இருந்தும் பென்ஷன் நின்றுவிட்டது. எம்.எல்.ஏ. ஆபீசில் மனு கொடுத்தும் பதில் இல்லை. (ஓய்வுபெற்ற நாயக், திருவண்ணாமலை மாவட்டம்)

அவர் மேல் கோபப்படாதீர்கள். ராணுவ பென்ஷன் மத்திய அரசின் பணம், அரசமைப்புச் சட்டத்தின் ஒன்றியப் பட்டியலில் 71-ஆவது இனம். மாநிலச் சட்டமன்ற உறுப்பினருக்கு அதில் கை வைக்க வழியே இல்லை. உங்கள் மனு இன்னொரு கவரில் ஏறி பிரயாக்ராஜில் இருக்கும் ராணுவ பென்ஷன் அலுவலகத்துக்குப் போகும், அவ்வளவுதான்.

நீங்கள் பார்க்க வேண்டியது ஸ்பர்ஷ், ராணுவ பென்ஷனுக்கான மத்திய அரசின் இணையதளம். உள்ளே நுழைந்து வாழ்நாள் சான்று ஏற்கப்பட்டதா என்று பாருங்கள். என்னிடம் வருகிற இந்த மாதிரி கேஸ்களில் அடிக்கடி பார்க்கிற தவறு ஒன்று உண்டு. ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் வாழ்நாள் சான்றுக்கு விரல் வைக்கும்போது, பென்ஷன் வழங்குவது யார் என்ற கட்டத்தில் கம்ப்யூட்டர் சென்டர் தம்பி பழைய ஞாபகத்தில் உங்கள் வங்கியின் பெயரைத் தேர்ந்தெடுத்துவிடுவார். நீங்கள் ஸ்பர்ஷுக்கு மாறியிருந்தால் அங்கே ஸ்பர்ஷ் என்றுதான் வர வேண்டும். சான்று உருவாகிவிடும், நம்பரும் வரும், ஆனால் போக வேண்டிய இடத்துக்குப் போகாது. சரியாகத் திரும்பப் போடுங்கள், நிறுத்தி வைத்த மாதங்களுக்கும் சேர்த்து வந்துவிடும்.

என் வீட்டுக்காரர் இறந்துவிட்டார். பி.பி.ஓ.வில் (பென்ஷன் வழங்கும் ஆணை) என் பெயர் சாந்தா, ஆதாரில் சாந்தகுமாரி. குடும்ப பென்ஷன் நிற்கிறது. இரண்டும் ஒருவரே என்று எம்.எல்.ஏ. லெட்டர்பேடில் எழுதி வாங்கினால் போதுமா?

போதாது அம்மா. அந்தப் பெயரைத் திருத்தும் அதிகாரம் உங்கள் வீட்டுக்காரர் பணியாற்றிய படைப்பிரிவின் ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்குத்தான். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், எம்.இ.ஜி. (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) என்றால் பெங்களூரு, ஆர்ட்டிலரி என்றால் நாசிக் ரோடு, சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், இ.எம்.இ. (எலக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல் இன்ஜினியர்ஸ் பிரிவு) என்றால் செகந்திராபாத். பட்டாளத்தை விட்டு வரும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புக்கின் முதல் பக்கத்திலேயே எது என்று தெரியும். பிரமாணப் பத்திரம், ஆதார், இறப்புச் சான்று, டிஸ்சார்ஜ் புக் நகல், இருவரும் சேர்ந்து எடுத்த போட்டோ, எல்லாவற்றையும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் (நாம் சைனிக் போர்டு என்று சொல்வது இதைத்தான்) வழியாக அனுப்புங்கள். நேராகத் தபாலில் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். அலுவலகத்தின் கடித எண்ணோடு போனால் பின்னாடி துரத்திக் கேட்க ஒரு பிடி இருக்கும்.

ரேஷன் கார்டு, பாஸ்புக், வாக்காளர் அட்டை எல்லாவற்றிலும் சாந்தகுமாரி என்றால் பி.பி.ஓ.வைத் திருத்துங்கள். எல்லாவற்றிலும் சாந்தா, ஆதாரில் மட்டும் வேறு என்றால் ஆதாரைத் திருத்துவதுதான் சீக்கிரம் முடியும். எம்.எல்.ஏ. உபயோகப்படுவது இந்த இடத்தில்தான். கையில் வேறு ஆவணமே இல்லாதவர்களுக்கென்று ஆதார் ஆணையம் ஒரு சான்றுப் படிவம் வைத்திருக்கிறது. அதில் உங்கள் போட்டோவை ஒட்டி எம்.எல்.ஏ. கையெழுத்தும் முத்திரையும் போட்டால் ஆதார் மையத்தில் ஏற்பார்கள். லெட்டர்பேடு வேண்டாம், அந்தப் படிவமேதான் வேண்டும். மூன்று மாதத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும்.

இதைப் படிக்கும் மிலிட்டரிக்காரர்களுக்கு ஒன்று: இன்றைக்கே பி.பி.ஓ.வை எடுத்து மனைவி பெயர், பிறந்த தேதி இரண்டையும் ஆதாரோடு ஒத்துப் பாருங்கள். நீங்கள் உயிரோடு இருக்கும்போது ஒரு விண்ணப்பத்தில் முடிகிற வேலைக்கு, நீங்கள் போன பிறகு அவர் ஆபீஸ் ஆபீசாக அலைய வேண்டியிருக்கும். இனிஷியல் விஷயமும் அப்படித்தான். பட்டாளத்தில் அப்பா பெயரை முன்னால் போட்டிருப்பார்கள், ஆதாரில் பின்னால் இருக்கும், வங்கியில் ஒரே எழுத்தோடு நிற்கும்.

வீட்டுமனைப் பட்டாவுக்காக நான் எழுதிய மனுவை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மூன்று முறை எம்.எல்.ஏ.விடம் கொடுத்தாயிற்று. என்ன தப்பு? (ஓய்வுபெற்ற ஹவில்தார், வேலூர் மாவட்டம்)

சரியான வாசலுக்குத்தான் போயிருக்கிறீர்கள். பட்டா, ரோடு, தெருவிளக்கு, குடிநீர் எல்லாம் மாநில விஷயம், எம்.எல்.ஏ. சொன்னால் வட்டாட்சியர் ஆபீசில் அசையும். தப்பு மனுவில் இருக்கிறது, அண்ணே. நான்கு பக்கம். முதல் இரண்டு பக்கம் 1971 போர், மூன்றாவது பக்கத்தில் பட்டா, நான்காவதில் பையன் வேலையும் ஊர்ச் சாலையும். எல்லாமே நியாயம். ஆனால் எம்.எல்.ஏ. உதவியாளர் ஒரு நாளில் எத்தனை மனுவைப் பிரிக்க வேண்டியிருக்கும் என்று யோசியுங்கள், அவர் இதை எந்தத் துறைக்கு அனுப்புவார்?

ஒரு மனு, ஒரு கோரிக்கை, ஒரு பக்கம். மேலே "பெறுநர்" இடத்தில் எம்.எல்.ஏ.; பொருள் என்ற வரியில் கிராமம், புல எண், "வீட்டுமனைப் பட்டா கோருதல்". முதல் பத்தியில் படை எண், பதவி, சேர்ந்த தேதி, ஓய்வு தேதி, முன்னாள் படைவீரர் அடையாள அட்டை எண், இதோடு முடித்துக்கொள்ளுங்கள். அடுத்த பத்தியில் இதற்கு முன் கொடுத்த மனுவின் எண்ணும் தேதியும், வட்டாட்சியர் ஆபீஸ் அப்போது என்ன பதில் சொன்னது என்பதும். கடைசியில் என்ன உத்தரவு வேண்டும் என்று நேராக எழுதுங்கள்: "மேற்படி இடத்தை அளந்து அறிக்கை அனுப்ப வட்டாட்சியருக்குப் பரிந்துரைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்." 'ஆவன செய்யவும்' என்று முடித்தால் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்று அர்த்தம்.

எம்.எல்.ஏ.வின் பரிந்துரைக் கடிதத்துக்கு ஒரு நகல் கேட்டு வாங்குங்கள். அந்த நகலோடு, கலெக்டர் தலைமையில் நடக்கும் முன்னாள் படைவீரர் குறைதீர்க்கும் கூட்டத்தில் இன்னொரு மனு கொடுங்கள். தேதி நல அலுவலகத்தில் தெரியும். திங்கட்கிழமைக் கூட்டத்தின் நெரிசல் அங்கே இருக்காது, சம்பந்தப்பட்ட துறை அதிகாரிகளும் வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

போர் அனுபவங்களை எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் மாவட்டத்தில் கம்மவான்பேட்டை மாதிரி, ராணுவப்பேட்டை என்றே பெயர் வாங்கிய ஊர் இருக்கிறது. அந்தக் கதைகளுக்கு மதிப்பு உண்டு, ஆனால் அதற்கு இடம் மனு இல்லை.

எங்கள் சங்கத்துக்குக் கட்டடம் வேண்டும். தொகுதி நிதியில் கேட்கலாமா?

தமிழ்நாட்டில் எம்.எல்.ஏ. தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். அது பொதுச் சொத்து உருவாக்கத்தான். சங்கத்தின் பெயரில் பதிவான மனையில் கட்டித் தரச் சொன்னால் கஷ்டம். ஊராட்சி இடத்தில் சமுதாயக் கூடம் அல்லது நூலகம் என்று கேளுங்கள், உங்கள் மாதாந்திரக் கூட்டத்தையும் அங்கேயே நடத்திக்கொள்ளலாம். முன்னாள் படைவீரர்களுக்கான பாலிகிளினிக் போகிற வழியில் ஒரு நிழற்குடை கேட்டாலும் நல்லதுதான், காலையில் அங்கே வெயிலில் நிற்பவர்கள் எல்லாருமே எழுபதைத் தாண்டியவர்கள்.

அப்பா அறுபதுகளில் சில வருடம் சர்வீஸ் செய்து பென்ஷன் இல்லாமல் வந்துவிட்டார். இப்போது 80 வயது. ஏதாவது கிடைக்குமா?

கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. மத்திய அரசின் கேந்திரிய சைனிக் போர்டு வழியாக வறுமை நிதியுதவி என்று ஒன்று. 65 வயது தாண்டிய, பென்ஷன் இல்லாத, ஹவில்தார் பதவி வரையிலான முன்னாள் படைவீரர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும். மாதம் 4,000 ஆக இருந்ததை 2025 அக்டோபரில் 8,000 ஆக உயர்த்தி அறிவித்தார்கள், நவம்பர் 1 முதல் வந்த விண்ணப்பங்களுக்கு. அதே அறிவிப்பில் மகள் திருமண உதவி 50,000-லிருந்து ஒரு லட்சம் ஆனது, இரண்டு மகள்கள் வரை. கல்யாணம் முடிந்து 180 நாளுக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும், இதைத் தவறவிட்டவர்கள் நிறைய. டிஸ்சார்ஜ் புக் செல்லரித்துப் போயிருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள், படை எண் தெரிந்தால் ரெக்கார்ட்ஸ் ஆபீசில் விசாரிக்க முடியும்.

நான் ஒரு எம்.எல்.ஏ. அலுவலகத்தில் வேலை செய்கிறேன். முன்னாள் ராணுவத்தினருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று அண்ணன் ஆசைப்படுகிறார். பாராட்டு விழா வைக்கலாமா?

இந்தக் கேள்வி வந்ததே சந்தோஷம். விழா வையுங்கள், பொன்னாடையை வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அதே மண்டபம், அதே சாப்பாட்டுச் செலவில் இதைவிடப் பெரிய வேலை நடக்கும்.

நல அலுவலகத்தின் உதவி இயக்குநரிடம் பேசி ஒரு நாள் முகாமாக மாற்றுங்கள். ஒரு மேஜையில் ஸ்பர்ஷ், ஒன்றில் ஆதார் திருத்தம், ஒன்றில் வட்டாட்சியர் ஆபீஸ் ஆள், இன்னொன்றில் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். அட்டை. கைரேகை தேய்ந்த பெரியவர்களுக்கு முகத்தை வைத்து வாழ்நாள் சான்று எடுக்க, செல்போன் நன்றாகத் தெரிந்த கல்லூரிப் பிள்ளைகள் சிலர். மேடையும் மைக்கும் மூலையில் இருந்தால் போதும். வர முடியாதவர்கள் பட்டியலை முன்கூட்டியே எடுத்து, படுக்கையில் இருப்பவர்கள் வீட்டுக்கு ஆள் அனுப்புங்கள், நூறு சால்வையைவிட ஊர் அதைப் பேசும். விதவைகளைத் தனியாக அழைத்து முன்வரிசையில் உட்கார வையுங்கள். பெரும்பாலும் கடைசியில் வந்து கதவோரம் நிற்பவர்கள் அவர்கள்தான்.

எந்த நாள்? டிசம்பர் 7 கொடிநாள், கலெக்டர் ஆபீசே அன்று பரபரப்பாக இருக்கும். ஜனவரி 14 முன்னாள் படைவீரர் தினம், 1953-இல் ஜெனரல் கரியப்பா ஓய்வுபெற்ற நாள். நமக்கு அது பொங்கல். டெல்லியில் நாள் குறித்தவர்களுக்கு அது உறைத்திருக்காது. அன்றைக்கு விழா வைத்தால் வீட்டில் பானை பொங்கும்போது நாற்காலி காலியாக இருக்கும். மாட்டுப் பொங்கலும் கரிநாளும் போகட்டும், அடுத்த சனிக்கிழமை வையுங்கள், வெளியூரில் வேலை பார்க்கும் ரிட்டயர்டு ஆட்களும் ஊரிலேயே இருப்பார்கள்.

அப்புறம் ஒன்று. அண்ணனுக்கு உண்மையிலேயே ஆர்வம் இருந்தால், சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை நேரத்தில் அவர் மாவட்ட நல அலுவலகத்தில் எத்தனை பணியிடம் காலி என்று ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்.

விழா பேனரில் வீரமரணம் அடைந்த எங்கள் ஊர் பையன் படத்தை எம்.எல்.ஏ. படத்தோடு போடலாமா? நாங்கள் யூனிஃபார்மில் வரலாமா?

அரசியல் மேடைக்கு யூனிஃபார்ம் கூடாது. படைவீரர்கள் படத்தைத் தேர்தல் பிரசாரத்தில் பயன்படுத்த வேண்டாம் என்று தேர்தல் ஆணையம் 2013-லும் 2019-லும் கட்சிகளுக்குச் சொல்லியிருக்கிறது. தேர்தல் இல்லாத நேரத்திலும், அந்தப் பையனின் அம்மாவிடம் கேட்காமல் போடாதீர்கள்.

காக்கும் கரங்கள் கடனுக்கு எம்.எல்.ஏ. சிபாரிசு வேண்டும் என்று ஒருவர் காசு கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். 2025 ஆகஸ்டில் தொடங்கிய முதல்வரின் காக்கும் கரங்கள் திட்டத்தில் முன்னாள் படைவீரர் தொழில் தொடங்க ஒரு கோடி வரை கடன், 30 சதவீத மூலதன மானியம், 3 சதவீத வட்டி மானியம். விண்ணப்பத்தை நல அலுவலகத்தில் கேளுங்கள், சிபாரிசு என்று யாருக்கும் ஒரு ரூபாய் தர வேண்டாம். வங்கி பார்ப்பது உங்கள் திட்ட அறிக்கையையும் பழைய கடன் கணக்கையும்தான்.

என் மகன் அக்னிவீர். நான்கு வருடம் முடிந்து வரப்போகிறான். சைனிக் போர்டில் பதிவு செய்யலாமா?

அக்னிபத் திட்டத்தின் விதிப்படி நான்கு வருடத்தோடு வெளியே வருபவருக்கு முன்னாள் படைவீரர் அந்தஸ்து கிடையாது. பென்ஷன், கேன்டீன், இ.சி.எச்.எஸ். எதுவும் இல்லை, வட்டியோடு 10 லட்சத்துக்கு மேல் வரும் சேவா நிதி என்ற மொத்தத் தொகை மட்டும். இதை மாற்றுவது டெல்லி கையில். ஆனால் மாநில அரசு வேலையில் இவர்களுக்கு இடம் ஒதுக்குவது மாநிலத்தின் கையில் இருக்கிறது. 2025 ஜூனில் உத்தரப் பிரதேச அமைச்சரவை காவலர் தேர்வில் 20 சதவீதம் ஒதுக்க ஒப்புக்கொண்டது. முதல் அணி வெளியே வரும் காலமும் நெருங்கிவிட்டது. உங்கள் ஊரில் அக்னிவீர் பெற்றோர் பத்துப் பேர் இருந்தால் சேர்ந்து போய், 'நம் மாநிலத்தில் என்ன ஒதுக்கீடு?' என்ற அந்த ஒற்றைக் கேள்வியை எழுத்தில் எம்.எல்.ஏ.விடம் கொடுங்கள். அவர் வாசலுக்குப் போக இதைவிடச் சரியான காரணம் இந்தப் பட்டியலில் வேறு இல்லை.