வீட்டில் நாலு பேர், பிரஷ் மூன்று

கேள்வி: சிங்கப்பூர் ஈசூனில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் நான், கணவர், 6 வயது மகன், 73 வயது மாமியார். மாமியார் கரித்தூளும் உப்பும் கலந்து விரலால் பல் தேய்க்கிறார். பையனும் அதையே கேட்கிறான். பிரஷ் கொடுத்தால் பத்தே விநாடியில் துப்பிவிடுகிறான். நான் எதிலும் குறை வைப்பதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூன்று பிரஷ் உள்ள பாக்கெட் வாங்கி மாற்றிவிடுவேன். மாமியாரோ மூட்டுவலி என்று காய்கூட நறுக்குவதில்லை, கரி இடிக்க மட்டும் கை வருகிறது. பையனுக்கு மின்சார பிரஷ் வாங்கலாமா? மாமியாரை எப்படி மாற்றுவது?

பதில்: மாமியாரை மாற்ற வழி கேட்டு வந்த கடிதங்களே என்னிடம் ஓர் அலமாரி நிறைய இருக்கின்றன. அது கிடக்கட்டும். வீட்டில் நாலு பேர், வாங்குவது மூன்று பிரஷ். நாலாவது எங்கே, தாயே?

குறை வைப்பதில்லை என்று எழுதிய கையோடுதான் அந்த மூன்றையும் எழுதியிருக்கிறீர்கள். வாங்கியே தராத பிரஷ்ஷை அவர் தொடவில்லை என்று புகார் வேறு. "அவர் கேட்கவில்லையே" என்பீர்கள். மகன் வீட்டில் இன்னொரு கரண்டி சோறு கேட்கவே கூசுகிற தலைமுறை அது. பிரஷ்ஷா கேட்கப்போகிறது?

உங்கள் கணவரையும் விடமாட்டேன். பெற்றவளுக்கு எத்தனை பல் மிச்சம், எதில் வலி என்று அவருக்குத் தெரியுமா? இது முதலில் மகன் வேலை, பிறகுதான் மருமகள் வேலை. வரும் சனிக்கிழமை அவரே பல் மருத்துவரிடம் கூட்டிப் போகட்டும். அம்மாவிடம் 1950களில் பிறந்தவர்களுக்கான மெர்டேக்கா தலைமுறை அட்டை இருந்தால், சாஸ் என்னும் அரசு மருத்துவ மானியத் திட்டத்தில் உள்ள பல் மருந்தகங்களில் மானியம் உண்டு.

கரியும் உப்பும் சொரசொரப்பு. நாள்பட எனாமலைத் தேய்க்கும். வயதாக ஆக ஈறு இறங்கி வேர் வெளியே தெரியும், அந்த வேருக்கு எனாமல் கவசமே கிடையாது. மாத்திரைகள் சிலவற்றால் வாய் உலர்ந்து எச்சில் குறைந்தால் சொத்தை இன்னும் சீக்கிரம் வரும். கரியை நிறுத்தத்தான் வேண்டும். அதற்கு முன் அவர் கையில் வேறொன்றைக் கொடுங்கள்.

மின்சார பிரஷ் வாங்குங்கள், மாமியாருக்கு. மூட்டுவலி விரல் மெல்லிய பிடியைப் பிடித்துச் சுழற்றாது. இதன் பிடி தடிமன். அசைவை அதுவே பார்த்துக்கொள்ளும். அழுத்தாமல் ஈறோரமாக ஒவ்வொரு பல்லிலும் வைத்து நகர்த்தினால் போதும். நார் மென்மையாக இருக்கட்டும்.

பையனுக்குச் சின்னத் தலையுள்ள சாதாரண பிரஷ்ஷே தாராளம். (அந்தப் பாக்கெட்டில் இருப்பது பெரியவர்கள் பிரஷ்ஷா? அவன் துப்பியது நியாயம்தான்.) பட்டாணி அளவு புளோரைடு பற்பசை, இரண்டு நிமிடம், காலையும் படுக்கும் முன்பும். நுரையைத் துப்பட்டும், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம். அவன் தேய்த்தபின் நீங்கள் ஒருமுறை தேய்த்துவிட வேண்டும். ஏழெட்டு வயது வரை அந்தக் கைக்குப் பக்குவம் போதாது. ஆறு வயதில் பால்பல் எதுவும் விழாமலே பின்னால் ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். பால்பல்தானே என்று விட்டுவிடாதீர்கள், அது ஆயுசுக்கும் உள்ள பல்.

நாங்கள் தொடக்கப் பள்ளியில் குவளையும் பிரஷ்ஷுமாக வாய்க்கால் ஓரம் வரிசையாகக் குந்தி, ஆசிரியர் சொல்லச் சொல்லத் தேய்த்தவர்கள். பக்கத்தில் ஆள் இருந்தால் பிள்ளை தானாகத் தேய்க்கும். உங்கள் பையனுக்குப் பாட்டி செய்வதைச் செய்ய ஆசை, வேறொன்றுமில்லை. இரவு இருவரையும் ஒன்றாக நிறுத்துங்கள்.

கரி டப்பாவை மட்டும் நீங்களாக எடுத்து எறிந்துவிடாதீர்கள். பித்தளை விளக்கு துலக்க ஆகும் என்று அவரே ஒருநாள் எடுத்துப் போவார்.