மணலும் உப்பும் ரிமோட் காரின் சக்கர பேரிங்கும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: ஐந்தில் ஒரு பங்கு அளவுள்ள மின்சார ரிமோட் காரை ஒரு நண்பரிடமிருந்து பழைய வண்டியாக வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மகனுடன் எண்ணூர் கடற்கரையில் ஓட்டுகிறேன். நான்கு மாதங்களில் இரண்டு முறை சக்கர பேரிங்குகள் போய்விட்டன. 'செராமிக் பேரிங் செட்டை ஒரு முறை போட்டால் போதும், ஆயுசுக்கும் கவலையில்லை' என்று இணையக் கடை ஒன்று விளம்பரம் செய்கிறது. சாதாரண பேரிங்கைவிடப் பல மடங்கு விலை சொல்கிறார்கள். வாங்கலாமா?
– திருவொற்றியூர் வாசகர்

பதில்: வாங்க வேண்டாம். உங்கள் பேரிங்கைக் கொல்வது வேகம் அல்ல, உப்பும் மணலும்தான். செராமிக் பேரிங் முதன்மையாக வேகத்துக்காகச் செய்யப்படும் பொருள்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த அளவு வண்டிகளின் டயர் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் விட்டம் கொண்டது. ஒரு சுற்றுக்குச் சுமார் 63 சென்டிமீட்டர் தூரம் உருளும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினாலும் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 2,100 முறைதான் சுற்றுகிறது. இந்தச் சக்கரங்களில் பயன்படும் அளவுகளில், பக்கவாட்டை மூடும் ரப்பர் வளையமான சீல் போட்ட சாதாரண எஃகு பேரிங்கே நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் தாங்கக்கூடியது. தேவையைப்போல ஐந்து மடங்கு கையிருப்பு ஏற்கெனவே இருக்கும்போது, அதை இன்னும் கூட்டிக்கொள்ளப் பணம் கொடுப்பதில் பொருளில்லை. மேலும் 'செராமிக்' என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை கலப்பு வகை: குண்டுகள் மட்டுமே சிலிக்கன் நைட்ரைடு, உள்வளையமும் வெளிவளையமும் அதே எஃகு. உப்புநீர் உள்ளே போனால் அந்த வளையங்கள் வழக்கம்போலத் துருப்பிடிக்கும். குண்டு மட்டும் பளபளப்பாக இருந்து என்ன பயன்?

மணலின் வேலை இதைவிடக் கொடியது. கடற்கரை மணலில் பெரும்பகுதியான குவார்ட்ஸ், பேரிங் எஃகைவிடக் கடினமானது. ஒரு துகள் உள்ளே நுழைந்துவிட்டால், குண்டு அதன்மேல் ஏறி இறங்கும்போதெல்லாம் வளையத்தின் ஓடுபாதையில் ஒரு குழி விழுகிறது; குழியின் விளிம்பு பெயர்ந்து மேலும் துகள்களாகிறது. எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பலும் காற்றில் கலந்து வருவதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்தச் சாம்பல் மாவுபோல் மென்மையாகத் தெரிந்தாலும் அதில் இருப்பது பெரும்பாலும் சிலிக்காவும் அலுமினாவும்தான்.

ஆகவே காசைச் செலவிட வேண்டிய இடம் சீல். பேரிங்கின் பக்கவாட்டில் உலோகத் தகடு இருந்தால் அது ஷீல்டு; அந்தத் தகட்டுக்கும் உள்வளையத்துக்கும் நடுவே மெல்லிய இடைவெளி எப்போதும் உண்டு, அதன் வழியே தண்ணீர் தாராளமாகப் போகும். ரப்பர் சீலின் உதடு உள்வளையத்தைத் தொட்டுக்கொண்டே இருக்கும். அதனால் ஏற்படும் கூடுதல் உராய்வை, பத்துக் கிலோவை நெருங்கும் ஒரு வண்டியின் மோட்டார் உணரக்கூட உணராது. விரலால் சுற்றிவிட்டால் நீண்ட நேரம் சுழல்வது நல்ல பேரிங் என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. உங்கள் பயன்பாட்டுக்கு அதற்கு நேர்மாறு உண்மை. கிரீஸோடும் இறுக்கமான சீலோடும் வரும் புதிய பேரிங் ஓரிரு சுற்றில் நின்றுவிடும், நிற்கத்தான் வேண்டும்.

அடுத்தது கிரீஸ். தொழிற்சாலையிலிருந்து வரும் பேரிங்கின் வெற்றிடத்தில் பொதுவாகக் கால் முதல் மூன்றில் ஒரு பங்கு வரையே கிரீஸ் இருக்கும். அதிவேக எந்திரங்களில் அதற்கு மேல் நிரப்பினால் சூடேறும். நிமிடத்துக்கு 2,000 சுற்றே ஓடும் நம் சக்கரத்தில் பாதி வரை நிரப்பலாம். அவ்விடத்தில் கிரீஸ் உராய்வைக் குறைப்பதோடு, தண்ணீர் புகும் இடத்தையும் அடைத்துக்கொள்கிறது. லாரி, ஆட்டோ பட்டறைகளில் புழங்கும் ஏ.பி.3 என்ற லித்தியம் கிரீஸ் மழைத் தண்ணீருக்குப் போதும். கடலோரத்துக்குக் கால்சியம் சல்பொனேட் வகை கிரீஸ் மேலானது. படகு எந்திரங்களுக்கும் படகு டிரெய்லர் சக்கரங்களுக்கும் 'மரைன் கிரீஸ்' என்று விற்கப்படுபவற்றில் இந்த வகையும் உண்டு. டப்பாவில் பெயர் பார்த்து வாங்குங்கள். காசிமேட்டில் விசைப்படகு உதிரி பாகம் விற்கும் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். ஒரு சிறு டப்பா பல வருடங்களுக்கு வரும்.

புதிய பேரிங்கின் சீலை, மெல்லிய கத்தி முனையால் உள்வளையத்தின் பக்கமிருந்து மெதுவாக நெம்பினால் வளையாமல் வெளியே வரும். கிரீஸைச் சேர்த்துவிட்டு, விரலால் சுற்றிலும் அழுத்தினால் சீல் திரும்ப உட்கார்ந்துகொள்ளும். சிலர் பேரிங்கின் வெளிமுகத்திலும், பேரிங் உட்காரும் நடுப்பகுதியான ஹப்பைச் சுற்றியும் கிரீஸை அள்ளிப் பூசுகிறார்கள். அது மணலுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதைப் போன்றது. பூசினால் ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும் துடைத்தெடுக்கும் பொறுமை வேண்டும்.

ஓட்டி முடித்ததும் செய்வதுதான் பேரிங்கின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. சூடாக இருக்கும் ஹப்பை உடனே குளிர்ந்த நீரில் நனைத்தால், உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீலின் ஓரமாக நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். அரை மணி நேரம் ஆறவிட்டு, நல்ல தண்ணீரைக் குவளையால் ஊற்றிக் கழுவி, துணியால் துடைத்து, சக்கரத்தைச் சில முறை சுற்றிவிட்டுக் காயவையுங்கள். பைக் வாட்டர் சர்வீஸ் நிலையத்துக்கு வண்டியை எடுத்துச் சென்று, 'ஒரு அடி அடித்துக் கொடுங்கள்' என்று கேட்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். அந்த அழுத்தத்தை எந்த ரப்பர் உதடும் தாங்காது.

கேள்வி: என் வண்டிக்கான பேரிங்கை வண்டி நிறுவனத்தின் உறையில்தான் வாங்க வேண்டுமா? பேரிங் கடையில் வாங்கலாம் என்றால் என்னவென்று கேட்பது? ஒரு முறை கேட்டபோது வேறு அளவைக் கொடுத்துவிட்டார்கள்.
– பழைய வண்ணாரப்பேட்டை வாசகர்

பதில்: பேரிங் என்பது உலகம் முழுவதும் ஒரே எண்முறையில் செய்யப்படும் பொருள். வண்டி நிறுவனத்தின் உறைக்குள் இருப்பதும் பெரும்பாலும் அந்த எண்முறைப்படி செய்யப்பட்ட அளவுதான். நீங்கள் நடந்து போகும் தூரத்தில் ஜார்ஜ் டவுன் இருக்கிறது. பிராட்வே, லிங்கிச் செட்டித் தெரு சுற்றுவட்டாரத்துக் கடைகளில் 'ரிமோட் கார் பேரிங்' என்று கேட்காமல் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

எண் பழைய பேரிங்கின் சீலிலோ வளையத்திலோ பொறிக்கப்பட்டிருக்கும். அழிந்துபோயிருந்தால் வெர்னியர் அளவுகோலால் உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூன்றையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 10 x 19 x 5 மில்லிமீட்டர் என்றால் 6800. 12 x 21 x 5 என்றால் 6801. 15 x 24 x 5 என்றால் 6802. 20 x 32 x 7 என்றால் 6804. இவற்றின் சற்றுத் தடித்த உறவினர்கள் 69 வரிசையில் வரும்: 12 x 24 x 6 என்பது 6901, 15 x 28 x 7 என்பது 6902. உள்விட்டம் ஒன்றாகவே இருப்பதால்தான் 6802 கேட்டவருக்கு 6902 கொடுத்துவிடும் தவறு நேர்கிறது. உங்களுக்கும் அதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஐரோப்பிய உறையில் 61804 என்று இருந்தால் குழம்ப வேண்டாம். அதுவும் 6804-ம் ஒரே அளவு.

அளக்கும்போது உள்விட்டம் 12.7 மில்லிமீட்டர் என்று வந்தால் அது அங்குல அளவு பேரிங். அதன் எண் ஆர்8, வெளிவிட்டம் 28.575. கடைக்காரர் 12 x 28 x 8 அளவுள்ள 6001-ஐ எடுத்து நீட்டக்கூடும். கண்ணுக்கு இரட்டைப் பிள்ளைகள்போல் தெரிந்தாலும், ஒன்றின் இடத்தில் மற்றது உட்காராது.

எண்ணோடு பின்னொட்டையும் சொல்ல வேண்டும். உங்களுக்கு வேண்டியது 2ஆர்எஸ், அதாவது இருபக்கமும் தொடும் ரப்பர் சீல். ஜப்பானியத் தயாரிப்புகளில் இதே பொருளை என்.எஸ்.கே. 'டிடியு' என்றும், என்.டி.என். 'எல்எல்யு' என்றும் குறிக்கின்றன. 'விவி', 'எல்எல்பி' என்பவையும் ரப்பர்தான். ஆனால் உள்வளையத்தைத் தொடாத வகை என்பதால் கடற்கரைக்கு ஆகாது. 'இசட்இசட்' என்பது உலோக ஷீல்டு. சி3 என்று போட்டிருந்தால் உள்ளே கூடுதல் இடைவெளி விட்டுச் செய்தது என்று பொருள்; சூடாகும் மோட்டார்களுக்கு அது நல்லது, உங்கள் சக்கரத்துக்கு வீண் ஆட்டம்.

கேள்வி: துருப்பிடிக்காத எஃகு என்று சொல்லி இணையத்தில் வாங்கிய எட்டு பேரிங்குகளும் மூன்றே வாரத்தில் செம்பழுப்பாகிவிட்டன. காந்தமும் ஒட்டுகிறது. போலி என்று விற்பனையாளருக்கு எழுதினேன். 'திறந்து பயன்படுத்திய பொருளைத் திரும்பப் பெறுவதில்லை' என்கிறார். என்ன செய்வது?
– பெரம்பூர் வாசகர்

பதில்: காந்தத்தைச் சான்றாக வைக்காதீர்கள். பேரிங்குக்குப் பயன்படும் 440சி என்ற துருப்பிடிக்காத எஃகு, வீட்டுப் பாத்திர எவர்சில்வரைப் போன்றதல்ல. அதில் காந்தம் நன்றாகவே ஒட்டும். விற்பனையாளர் தரப்பில் விவரம் தெரிந்த ஒருவர் இருந்தால் உங்கள் புகார் முதல் வரியிலேயே அடிபட்டுப்போகும். அதேபோல 440சி-யும் உப்புநீரில் புள்ளி புள்ளியாக அரிக்கப்படும். ஆனால் முழு வளையமும் செம்பழுப்பாவது சாதாரணக் குரோம் எஃகின் குணம். ஆகவே, 'விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லை' என்பதே உங்கள் வாதமாக இருக்கட்டும்.

அந்த வாதத்துக்குச் சட்டத்தில் இடமிருக்கிறது. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி, குறைபாடுள்ள, போலியான, அல்லது விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் தரவோ விற்பனையாளர் மறுக்க முடியாது. தளத்தின் குறைதீர் அலுவலர் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் உறுதிப்படுத்தி, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். விளம்பரப் பக்கத்தின் படம், ரசீது, உறையின் படம், அகற்றிய பேரிங்குகளின் படம் ஆகியவற்றைச் சேர்த்து அந்த அலுவலருக்கு எழுதுங்கள். இறக்குமதிப் பொருளின் உறையில் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், தயாரான நாட்டின் பெயரும், அதிகபட்ச சில்லறை விலையும் இருக்க வேண்டும். இல்லையென்றால் அதையும் குறிப்பிடுங்கள்.

பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். அதற்கும் மேலே போக வேண்டுமானால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நீங்கள் வசிக்கும் இடத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிட இடம் தருகிறது. விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் அங்கே போக வேண்டியதில்லை. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்கு மனுக் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. எட்டு பேரிங்குக்காக ஆணையம் வரை போவீர்களா என்பது உங்கள் விருப்பம். குறைதீர் அலுவலருக்கு எழுதும் கடிதத்திலேயே இந்த விதியைச் சுட்டிவிடுங்கள். வெறும் கோபத்தைவிட அது கனமான கடிதமாக இருக்கும்.

கேள்வி: பேரிங் மாற்றப் பக்கத்துப் பட்டறையில் கொடுத்தேன். சுத்தியலால் தட்டிப் பொருத்தினார்கள். அன்றே கரகரவென்று சத்தம் வந்துவிட்டது. நானே மாற்ற முடியுமா?
– வியாசர்பாடி வாசகர்

பதில்: முடியும். அவர்கள் செய்த தவறு ஒன்றே ஒன்றுதான். பேரிங்கை ஹப்பின் துளைக்குள் இறுக்கிப் பொருத்தும்போது வெளிவளையத்தை மட்டுமே அழுத்த வேண்டும். உள்வளையத்தில் அடித்தால், அடி முழுவதும் குண்டுகள் வழியாகப் போய் ஓடுபாதையில் குழி விழும். புதிய பேரிங் பொருத்திய கணத்திலேயே பழைய பேரிங் ஆகிவிடுகிறது.

வெளிவளையத்தைவிடச் சற்றே சிறிய சாக்கெட் (நட்டு கழற்றும் குழல்வடிவ ஸ்பேனர் தலை) ஒன்றை அதன்மேல் வைத்து, பட்டறை வைஸில் நேராக அழுத்துங்கள். ஹப் அலுமினியம் என்றால், கொதிநிலைக்குக் கொஞ்சம் கீழே உள்ள வெந்நீரில் சில நிமிடம் போட்டு எடுங்கள். அறைவெப்பத்தைவிட 50 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் 32 மில்லிமீட்டர் துளை ஏறத்தாழ 0.04 மில்லிமீட்டர் விரிகிறது. கேட்கச் சிறிதாக இருந்தாலும், பல நேரங்களில் பேரிங் கைவிரல் அழுத்தத்திலேயே உள்ளே இறங்க அது போதும். ஈரத்தைத் துடைத்துவிட்டுப் பொருத்துங்கள். பிளாஸ்டிக் ஹப்பை இப்படிச் சூடாக்குவதைவிட, பேரிங்கை உறையோடு ஃப்ரீசரில் ஒரு மணி நேரம் வைத்து எடுப்பது பாதுகாப்பானது.

இரண்டு பேரிங்குகளுக்கு நடுவே சிறு குழல்போன்ற ஸ்பேசர் இருந்தால் அதைத் தவறாமல் திரும்பப் போடுங்கள். அது இல்லாமல் வீல் நட்டை முறுக்கினால் இரண்டு உள்வளையங்களும் ஒன்றையொன்று நோக்கி நசுங்கி, சில மணி நேர ஓட்டத்திலேயே சூடாகிவிடும். ஹப்பின் துளை தேய்ந்து பேரிங் கையோடு கழன்று வந்தால் பேரிங்கை மாற்றிப் பயனில்லை. ஹப்பையே மாற்ற வேண்டும். கரகரப்பைக் கேட்டும் தள்ளிப்போட்டவர்களுக்கு வரும் செலவு இது. உள்வளையம் அச்சின்மேல் வழுக்கிச் சுற்றத் தொடங்கினால் அச்சும் தேயும், அப்போது கணக்கு இன்னும் கூடும்.

கேள்வி: பேரிங்கில் சத்தம் வந்தால் துரு நீக்கும் ஸ்பிரே அடிக்கலாமா? நான்கு சக்கரத்துக்கும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டுமா?
– கொடுங்கையூர் வாசகர்

பதில்: ஸ்பிரே வேண்டாம். அதிலுள்ள கரைப்பான் மிச்சமிருக்கும் கிரீஸையும் கழுவி வெளியேற்றிவிடும். சத்தம் ஒரு நாள் அடங்கி மறுநாள் இரட்டிப்பாகும். சுத்தம் செய்ய வேண்டுமானால் சீலைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாக உலர்த்தி, புதுக் கிரீஸ் வையுங்கள். அசிட்டோன் கலந்த திரவத்தில் கழுவினால் ரப்பர் உப்பிக் கெட்டுவிடும். உலர்த்துவதற்காகக் காற்றுக் குழாயால் பேரிங்கை வேகமாகச் சுழலவிடவும் கூடாது. கிரீஸ் இல்லாத பேரிங் அந்த வேகத்தில் சேதமாகும், சிதறினால் கண்ணுக்கும் ஆபத்து.

நான்கையும் ஒன்றாக மாற்றத் தேவையில்லை. வண்டியைத் தூக்கி வைத்து, ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். பிறகு மெதுவாகச் சுற்றி விரலில் கரகரப்பு தெரிகிறதா என்று பாருங்கள். ஆட்டம் தெரிந்தாலும் அது ஸ்டியரிங் முட்டியின் (சக்கரத்தைத் திருப்பும் மூட்டின்) ஆணியிலிருந்து வருகிறதா, பேரிங்கிலிருந்தா என்பதை ஹப்பைக் கையால் பிடித்துக்கொண்டு சோதியுங்கள். போன சக்கரத்தின் உள், வெளி இரண்டு பேரிங்குகளையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். மற்ற மூன்றுக்கும் கிரீஸ் மட்டும் புதுப்பித்தால் போதும். ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் அதைச் செய்துவிடுவது நல்லது.