அடாப்டரைக் கழற்றியும் எல்இடி எரிகிறதா? போர்டை மாற்ற அலைய வேண்டாம்

கேள்வி: தண்ணீர் மோட்டாருக்காக இரண்டு ஆர்டுயினோ நானோ போர்டு (புரோகிராம் ஏற்றி ஓட்டும் சிறிய கட்டுப்பாட்டுப் போர்டு) வாங்கினேன். ஒன்று தொட்டியின் நீர்மட்டம் பார்க்கும். அங்கிருந்து தகவல் அனுப்பும் சீரியல் ஒயர் மற்றதன் டி2 பின்னுக்கும், கிரவுண்ட் ஒயர் அதன் கிரவுண்டுக்கும் போகின்றன. அது மோட்டாரின் ரிலேயை (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சை) இயக்கும். இரண்டுக்கும் தனித்தனி 5 வோல்ட் அடாப்டர். ரிலே போர்டின் அடாப்டரைக் கழற்றினாலும் அதன் எல்இடி மங்கலாக எரிகிறது. சில நேரம் ரிலே ‘டிக் டிக்’ என்கிறது. கடையில் மாற்றித் தர மறுக்கிறார்கள். புகார் கொடுக்கலாமா?
– வாசகர், கரூர்

பதில்: வேண்டாம். இதில் கடைக்காரர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. போர்டில் குறை இல்லை.

சீரியல் ஒயர் சும்மா இருக்கும்போதும் 5 வோல்ட்டில்தான் நிற்கும். நானோவில் உள்ள ஏடிமெகா328பி சிப்பில், டி2 போன்ற ஒவ்வொரு பின்னிலிருந்தும் சப்ளைக்கு ஒரு பாதுகாப்பு டையோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் பாகம்) உண்டு. அடாப்டரைக் கழற்றியதும் சப்ளை பூஜ்யமாகிறது. ஒயரில் வரும் 5 வோல்ட் டையோடு வழியே உள்ளே ஏறி, போர்டு முழுவதையும் சுமார் 4 வோல்ட்டில் ஓட்டுகிறது. புரோகிராமும் ஓடும். ஆனால் சாதாரண 5 வோல்ட் ரிலேவின் காயிலுக்கே ஏறத்தாழ 70 மில்லிஆம்பியர் வேண்டும். இழுக்கப் பார்த்து, வோல்டேஜ் சரிந்து, விட்டுவிடுகிறது. நீங்கள் கேட்கும் ‘டிக் டிக்’ அதுதான்.

சிப்பின் டேட்டாஷீட்டைப் பார்த்தால், பின்னுக்கு வரும் வோல்டேஜ் சப்ளையைவிட 0.5 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. சப்ளையே இல்லாதபோது எல்லை வெறும் 0.5 வோல்ட். டையோடில் 1 மில்லிஆம்பியருக்கு மேல் ஓட விடாதீர்கள் என்பது இந்தச் சிப்பை உருவாக்கிய அட்மெல் நிறுவனத்தின் பழைய குறிப்பு. உங்கள் போர்டில் அதைப் போலப் பல மடங்கு ஓடுகிறது.

புதுப் போர்டு வாங்கினாலும் இதே கதைதான். டி2 பின்னுக்கு முன்னால் தொடராக ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வையுங்கள்; மின்னோட்டம் அரை மில்லிஆம்பியருக்குள் அடங்கும், நொடிக்கு 9600 பிட் வேகத்தில் தகவலும் தடையின்றி வரும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் இதைவிட நல்ல வழி, ஒரே 5 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டரில் இரண்டையும் ஓட்டுவது. தொலைவு அதிகமென்றால், மின் இணைப்பு இல்லாமல் ஒளி வழியே தகவலைக் கடத்தும் 6என்137 ஆப்டோகப்ளர் கேளுங்கள்.

‘5 வோல்ட் தாங்கும் பின்’ என்று சொல்லி நானோவுக்குப் பதிலாக எஸ்டிஎம்32எஃப்103 என்ற வேறு சிப் உள்ள போர்டை யாராவது நீட்டினால் அவசரப்படாதீர்கள். அந்தப் பின்களின் உச்ச எல்லை, சப்ளை வோல்டேஜுடன் 4 வோல்ட் கூட்டினால் வரும் அளவு. சப்ளை இல்லாவிட்டால் 4 மட்டுமே; உங்கள் ஒயரில் வருவதோ 5.

டி2 தப்பித்ததா என்று நீங்களே பார்க்கலாம். எல்லா ஒயரையும் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை டையோடு நிலையில் வைத்து, சிவப்பு முனையை டி2-விலும் கறுப்பை 5வி-யிலும் தொடுங்கள். டி4 பின்னில் இதேபோல் வரும் அளவே இங்கும் வந்தால் பெரும்பாலும் பிழைத்துவிட்டது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் அந்தப் பின்னை விட்டுவிட்டு வேறு பின்னுக்கு மாறுங்கள்.

ரிலேயின் மறுபக்கம் 230 வோல்ட் இருக்கிறது. அடாப்டரைக் கழற்றியாயிற்று என்று நம்பிக் கை வைக்காதீர்கள். மோட்டாரின் மெயின் சுவிட்சை அணைத்த பிறகே பெட்டியைத் திறங்கள்.