நிலத்தைப் பிளான் பண்றப்பவே தண்ணியையும் ஏன் சேர்த்துப் பாக்கணும்?

ரெண்டும் ஒரே விஷயம்தாங்க, நாமதான் ஆபீஸ் ஆபீஸா பிரிச்சு வச்சிருக்கோம். ஒரு ஹெக்டேர்ல 50 மில்லிமீட்டர் மழை பேஞ்சா 5 லட்சம் லிட்டர் தண்ணி, வெறும் மண்ணா இருந்தா அதுல நல்ல பங்கு உள்ள இறங்கும், அதையே கான்கிரீட் போட்டு மூடிட்டா கிட்டத்தட்ட மொத்தமும் ஓடிப்போய் பள்ளத்துல இருக்கறவங்க வீட்டுக்குள்ள பூந்துரும், கோடையில போர்லயும் தண்ணி இருக்காது. லேஅவுட்டுக்கு அப்ரூவல் குடுத்தப்புறம் தண்ணி டிபார்ட்மெண்ட்கிட்ட கேட்டு என்ன பிரயோஜனம்?

நெதர்லாந்துல 2003லயே நிலத்துக்குத் திட்டம் போடுறவங்க தண்ணி வாரியத்தோட கருத்தை வாங்கியே ஆகணும்னு சட்டமாக்கிட்டாங்க. அங்க நைமேகன் ஊர்ல, வெள்ளம் வந்தா பரவ வால்ங்கற ஆத்துக்கு இடம் வேணும்னு கரையையே 350 மீட்டர் தள்ளி வச்சாங்க, அதுக்காக வீடுங்களக்கூட இடிக்க வேண்டியதாப் போச்சு. முதல்லயே இடம் விட்டிருந்தா அந்தக் குடும்பங்களுக்கு அந்த வலியே இல்ல. அதான் மேப்ல தாழ்வான இடம், தண்ணி ஊறுற இடத்தையெல்லாம் முதல்ல ஒதுக்கிட்டு, மிச்சத்துல வீடு எங்க, ரோடு எங்கன்னு பேசணும்.